அகஸ்டஸ் போட்ட கல்யாணச் சட்டமும் ஆரா பாசிஸ் சுவத்துல இருக்கற குழந்தைங்களும் - ரெண்டும் ஒண்ணுதானா?

குதிரைவாலி75

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க. போன மாசம் வேலை விஷயமா ரோம் போயிருந்தேன். கடைசி நாள் மதியம் மட்டும்தான் நேரம் கெடச்சுது, டைபர் ஆத்தங்கரைல இருக்கற அந்த கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள போனேன். உள்ள ஆரா பாசிஸ், அமைதி தேவதைக்கு எழுப்புன பலிபீடம். கிமு 13 ஜூலை 4ம் தேதி செனட் தீர்மானம் போட்டு கிமு 9 ஜனவரி 30ல அர்ப்பணிச்சாங்க. ஜனவரி 30, ரோமோட மொத பேரரசர் அகஸ்டஸோட மனைவி லிவியாவோட பிறந்தநாள், நாள் பாத்துத்தான் வச்சிருப்பாங்கன்னு நான் நம்பறேன்.

தெற்குப் பக்கச் சுவர் முன்னாடியே ஒரு மணி நேரம் நின்னுட்டேங்க. தலைய மூடிக்கிட்டு அக்ரிப்பா நடந்து போறாரு (அகஸ்டஸோட நண்பர், தளபதி, மருமகன் எல்லாமே அவர்தான்), அவரு துணிய ஒரு சின்னப் பையன் கெட்டியா பிடிச்சிருக்கான். கொஞ்சம் பின்னால போர்வீரங்க போத்தற மேலாடையோட ஒரு இளைஞர், லிவியாவோட மகன் ட்ரூசஸ்னு அடையாளம் சொல்றாங்க, அவரத் திரும்பிப் பாக்கற மனைவி அன்டோனியா, அவங்க கையப் பிடிச்சுகிட்டு ரெண்டு வயசு ஜெர்மானிக்கஸ். அவங்களுக்குப் பின்னால ஒரு அம்மா உதட்டுல விரல் வச்சு பேசாதீங்கன்னு சொல்ற மாதிரி செதுக்கியிருக்கான் பாருங்க, எனக்கு எங்க ஊர் கோயில் கும்பாபிஷேகத்துல எங்க பெரியம்மா எங்கள அதட்டுனதுதான் ஞாபகம் வந்துச்சு. தள்ளி நின்னா அரசாங்க ஊர்வலம், கிட்டப் போனா கல்யாண வீட்டு ஆல்பம்.

ஊருக்கு வந்து படிக்க ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடி ரோமோட அரசாங்கச் சிற்பத்துல இப்படி குடும்பம் குட்டியோட காட்டுற பழக்கமே இல்லையாம். அதோட இந்த பீடத்துக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, கிமு 18ல, அகஸ்டஸே எல்லாரும் கல்யாணம் பண்ணணும் புள்ள பெத்துக்கணும்னு சட்டம் போட்டிருக்காரு. அப்போ நான் உருகிப்போய் பாத்துட்டு நின்ன அந்தக் குழந்தைங்க சட்டத்துக்கு வச்ச விளம்பரமா? இது என்ன உறுத்திகிட்டே இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திண்ணைவக்கீல்

நல்ல கேள்வி குதிரைவாலி. மொதல்ல சட்டம் என்னான்னு தெளிவா பாத்துடலாம், நெறைய பேர் "கல்யாணம் பண்ணாதவனுக்கு வரி"ன்னு ஒத்த வரில முடிச்சிடறாங்க, விஷயம் அதுல இல்ல, உயில்ல இருக்கு.

கிமு 18ல ஜூலியன் சட்டம், கிபி 9ல அதத் திருத்தி பாப்பியா பொப்பேயா சட்டம். ஆம்பளைங்க 25லேர்ந்து 60 வரைக்கும், பொம்பளைங்க 20லேர்ந்து 50 வரைக்கும் கல்யாண பந்தத்துல இருக்கணும். இல்லாட்டி என்ன ஆகும்னா நெருங்கிய சொந்தம் தவிர வேற யாரு உயில்ல சொத்து எழுதி வச்சாலும் வாங்க முடியாது. கல்யாணம் ஆகி குழந்தை இல்லேன்னா பாதிதான். மிச்சம் அதே உயில்ல பேர் இருக்கற, குழந்தை உள்ள வாரிசுங்களுக்குப் போகும், அப்படி யாரும் இல்லேன்னா அரசாங்கக் கஜானாவுக்கு. ரோம்ல பெரிய மனுஷங்க உயில்ல நண்பர்களுக்கு எழுதி வைக்கறது மரியாதையோட சேந்த விஷயம், அகஸ்டஸே தனக்கு யார் யார் எவ்ளோ எழுதுனாங்கன்னு பாக்கற ஆளு. அதனால அடி விழுந்தது சரியா பணக்காரன் முதுகுல. ஒண்ணும் இல்லாதவனுக்கு இந்த சட்டத்தால பெருசா ஒரு பாதிப்பும் கெடையாது.

அப்புறம் சலுகை. மூணு குழந்தை பெத்த, பிறப்பால சுதந்திரமான பொம்பளைக்கு காப்பாளர் தேவையில்ல, சொத்த தானே வாங்கலாம் விக்கலாம். விடுதலை ஆன அடிமைப் பொண்ணுன்னா நாலு. புருஷன் செத்தா ரெண்டு வருஷம், விவாகரத்துன்னா பதினெட்டு மாசம் அவகாசம், அதுக்குள்ள மறுபடி கல்யாணம். இதெல்லாம் கிபி 9ல கொஞ்சம் தளர்த்துன பிறகு உள்ள கணக்கு, மொதல்ல இன்னும் கெடுபிடியா இருந்துச்சு.

அந்த கிபி 9 சட்டத்த கொண்டு வந்த ரெண்டு கான்சல்களும் (ரோமோட மிக உயர்ந்த பதவி அது), பாப்பியஸ், பொப்பேயஸ், கல்யாணமே ஆகாதவங்க. இத வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதி வச்சிருக்காரு. சட்டம் எவ்ளோ தேவைன்னு இதுலயே தெரிஞ்சுபோச்சுன்னு அவரே சொல்றாரு.

நித்யகல்யாணி

திண்ணை அண்ணா, நீங்க சட்டத்தோட பாதியத்தான் சொன்னீங்க, அதே கிமு 18ல வந்த இன்னொண்ண விட்டுட்டீங்க, கள்ள உறவுச் சட்டம். அதுவரைக்கும் வீட்டுக்குள்ள அப்பனும் புருஷனும் தீத்துக்கிட்ட விஷயத்த தூக்கி கோர்ட்ல வச்சாரு. பொண்டாட்டி தப்பு பண்ணது தெரிஞ்சா புருஷன் விவாகரத்து பண்ணியே ஆகணும், மன்னிச்சு வச்சிருந்தா அவன் மேலயே கூட்டிக்குடுத்த குத்தம் வரும். மொத 60 நாள் புருஷனும் அப்பாவும்தான் கேஸ் போடலாம், அதுக்கப்புறம் வழில போறவனும் போடலாம். பொண்ணுக்கு சீதனத்துல பாதி, சொத்துல மூணுல ஒரு பங்கு போய்டும், ஆணுக்கு சொத்துல பாதி, ரெண்டு பேரையும் வேற வேற தீவுக்கு அனுப்பிடுவாங்க. இதுல கள்ள உறவுன்னா என்ன அர்த்தம் பாருங்க, கல்யாணமான கௌரவமான பொம்பளையோட உறவு. கல்யாணமான ஆம்பளை தன்னோட அடிமைப் பொண்ண என்ன பண்ணாலும் அது கள்ள உறவே கெடையாது. மன்னிக்கக்கூட உரிமை இல்லாத ஒரு கல்யாணத்த புனிதம்னு பளிங்குல செதுக்கி வச்சா நான் அத எப்படி ரசிக்கிறது?

இதப் போட்டவரோட வீட்டு நிலைமை உங்களுக்கே தெரியும். லிவியாவ அவரு கட்டிக்கிட்டது கிமு 38ல, அப்போ அவங்க வயித்துல முந்தின புருஷனோட குழந்தை, அந்தக் குழந்தைதான் குதிரைவாலி சொன்ன ட்ரூசஸ். சொந்தமா ஒரே பொண்ணு ஜூலியா. மார்செல்லஸ், அக்ரிப்பா, டைபீரியஸ்னு மூணு பேருக்கு அரசியல் கணக்கு போட்டு கட்டி வச்சாரு. அக்ரிப்பாவுக்கு அஞ்சு குழந்தை பெத்துக் குடுத்தாங்க, சட்டம் கேட்டதுக்கு மேலயே. கிமு 2ல அந்தப் பொண்ணு மேலயே கள்ள உறவுன்னு செனட்டுக்கு கடிதம் எழுதி படிக்க வச்சு பாண்டேடேரியா தீவுக்கு அனுப்பிட்டாரு. குடிக்க வைன் கூடாது, அவரு அனுமதி இல்லாம எந்த ஆணும் பக்கத்துல போகக் கூடாது. கிபி 8ல பேத்தி ஜூலியாவுக்கும் அதே தண்டனை. அதே வருஷம் காதல் கலைய பத்தி கவிதை எழுதுன ஓவிட் கருங்கடல் ஓரம் டோமிஸுக்கு, அங்கயே செத்துப் போனாரு.

செம்பருத்திவேலி

நித்யா சொல்றது எல்லாம் உண்மைதான், ஆனா ஒரு விஷயத்துல எனக்கு மாத்துக்கருத்து இருக்கு. "விளம்பரம்"னு இந்த சிற்பத்த ஒதுக்கிட்டா அகஸ்டஸ் என்ன பண்ணாருன்னே புரியாம போய்டும்.

உள்நாட்டுப் போர் எத்தன வருஷம் நடந்துச்சுன்னு யோசிங்க. சீசர் ரூபிகான் ஆத்தத் தாண்டி போர ஆரம்பிச்சது கிமு 49, அகஸ்டஸ் ஜெயிச்ச ஆக்டியம் கடற்போர் கிமு 31, அடுத்த வருஷம் அலெக்சாண்ட்ரியா விழுந்துச்சு. நடுவுல கொலைப் பட்டியல் ஒட்டி ஊர் ஊரா தலைய வெட்டுனாங்க, அதுல அகஸ்டஸும் பங்காளி, அத நான் மறைக்கல. குடும்பத்துக்கு ஒரு ஆள் இல்லாம போன தலைமுறைக்கு முன்னாடி அப்பா அம்மா குழந்தைன்னு ஒரு ஊர்வலம் கல்லுல போனா அது வெறும் கட்டளையா மட்டும் தெரிஞ்சிருக்காது. கிழக்குப் பக்கம் ஒரு தாய் மடில ரெண்டு குழந்தைங்க, காலடில மாடு, ஆடு, சுத்தி கதிரும் பூவும். அது நிலத்தாயா, இத்தாலியா, அமைதி தேவதையா, வீனஸான்னு இன்னைக்கும் அடிச்சுக்கறாங்க. எனக்கு அதுதான் அந்த சிற்பியோட வெற்றியாத் தெரியுது, பாக்கறவன் தனக்கு வேண்டிய தாய எடுத்துக்கலாம். கீழ் பகுதில அகந்தஸ் கொடி சுருண்டு சுருண்டு போகுதே, அதுக்குள்ள தவளை, பல்லி, பறவைக் கூட்டுக்குப் போற பாம்பு எல்லாம் இருக்கு, பாத்தீங்களா குதிரைவாலி?

இன்னொண்ணும் சொல்றேன். அகஸ்டஸ் சிலை விஷயத்துல ரொம்ப கவனமான ஆளு. ரோம் நகரத்துல தனக்கு வச்ச சுமார் 80 வெள்ளிச் சிலைய தானே எடுத்து அந்தக் காசுல அப்பல்லோ கோயிலுக்கு தங்கக் காணிக்கை வச்சேன்னு தன்னோட சாதனைக் கல்வெட்டுல பதிஞ்சிருக்காரு (அந்த வாசகம் நமக்கு நல்லா கெடச்சது துருக்கில அங்காராவுல, கோயில் சுவத்துல). வெள்ளில நின்னா கிழக்கத்திய ராஜா மாதிரி இருக்கும், ரோம்காரனுக்கு ராஜான்னாலே ஆகாது. 1863ல லிவியாவோட வீட்ல தோண்டி எடுத்த ப்ரிமா போர்ட்டா சிலைல வெறுங்காலோட கடவுள் மாதிரி நிக்கறாரு, மார்புக் கவசத்துல பார்த்தியன் ஆள் (ரோமோட கிழக்கு எல்லை எதிரி) முன்னாடி பிடிச்சு வச்சிருந்த ரோமோட படைக்கொடிய திருப்பிக் குடுக்கறான். கிமு 20ல அது நடந்தது பேச்சுவார்த்தைல, சண்டைல இல்ல. இன்னொரு சிலைல, வியா லபிகானா பக்கம் கெடச்சது, தலைல டோகாவ (ரோம் குடிமகன் போத்தற மேலாடை) போத்தி பூசாரியா நிக்கறாரு. செத்தது 75 வயசுல, ஆனா எந்தச் சிலைலயும் கிழவன் கெடையாது. அதத்தான் நான் சிற்பக் கொள்கைன்னு சொல்வேன்.

குதிரைவாலி75

தவளைய பாக்கலயே செம்பருத்தி!! போட்டோவ பெருசாக்கி பாக்கறேன்.

நித்யா சொன்னத படிச்சதுலேர்ந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. அந்த சுவத்துல ஜூலியாவும் இருக்காங்கன்னு சிலர் சொல்றாங்க இல்லையா?

நித்யகல்யாணி

சொல்றாங்க, எந்த உருவம்னுதான் ஒத்துப்போகல. அந்த பீடத்துக்கு ஓட்டு போட்ட வருஷம் அவங்க அக்ரிப்பாவோட மனைவி, அர்ப்பணிக்கும்போது அக்ரிப்பா செத்து மூணு வருஷம், டைபீரியஸோட மனைவி. கல்லுல ஊர்வலம் அப்படியே உறைஞ்சு நிக்குது, அதுக்குள்ள அவங்க வீடு மாறிடுச்சு.

செம்பருத்திக்கு பதில். மக்களுக்கு அது ஆறுதலா இருந்திருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா அதே ஆளு தியேட்டர்லயும் கிளாடியேட்டர் சண்டைலயும் பொம்பளைங்கள கடைசி மேல் வரிசைக்கு அனுப்புனாரு, வெஸ்டா தேவதையோட பூசாரிகளான வெஸ்டல் கன்னிகள் தவிர. கல்யாணமான சாதாரண ஆம்பளைங்களுக்கு தனி வரிசை. அதாவது படத்துல பொம்பளைய முன்னாடி கொண்டு வந்தாரு, நெஜத்துல பின்னாடி உக்கார வச்சாரு. ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னுதான் நான் சொல்றேன்.

திண்ணைவக்கீல்

நித்யா, காப்பாளர் தேவையில்லங்கற சலுகைய மட்டும் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க. அது அந்தக் காலப் பொண்ணுக்கு நெஜமான அதிகாரம். பின்னால எகிப்து பாப்பிரஸ்ல பொம்பளைங்க "எனக்கு மூணு குழந்தை உரிமை இருக்கு, நானே கையெழுத்து போடறேன்"னு பெருமையா எழுதறாங்க.

ஆனா அந்த உரிமையும் சீக்கிரமே பரிசுப்பொருளா மாறிடுச்சு. லிவியாவுக்கு பொழச்ச குழந்தைங்க ரெண்டே பேர். கிமு 9ல ட்ரூசஸ் ஜெர்மனில குதிரைலேர்ந்து விழுந்து செத்தப்போ, ஆறுதலா சிலையும் மூணு குழந்தை உரிமையும் செனட் குடுத்துச்சு. கவனிங்க, அதே கிமு 9, பீடத்த அர்ப்பணிச்ச வருஷம்.

சட்டம் ஜெயிச்சுதான்னு கேட்டா, சிலர் மக்கள்தொகைக் கணக்க காட்டுவாங்க, கிமு 28ல 40,63,000 குடிமக்கள், கிபி 14ல 49,37,000னு அகஸ்டஸே பதிஞ்சது. ஆனா அதுல புதுசா குடியுரிமை வாங்குனவங்களும் விடுதலையான அடிமைங்களும் சேந்திருக்காங்க, அத வச்சு சட்டத்துக்கு மார்க் போட முடியாது. வரலாற்றாசிரியர் டாசிடஸ் நேராவே சொல்றாரு, கல்யாணமும் கூடல, குழந்தையும் கூடல, காட்டிக்குடுக்கறவன்தான் கூடுனான்னு. பிடிபட்ட சொத்துல அவனுக்கு பங்கு உண்டு, நீரோ காலத்துல அந்தப் பங்க கால்வாசியா கொறச்சாங்க. கல்யாணம் ஆகாதவங்க, குழந்தை இல்லாதவங்க மேல இருந்த தண்டனைங்கள கான்ஸ்டன்டைன் எடுத்தது கிபி 320ல, அதுவரைக்கும் 300 வருஷத்துக்கு மேல இருந்துச்சு.

ஈயச்சொம்பு

இவ்ளோ நேரம் படிச்சுட்டு இருந்தேன், எல்லாரும் அரண்மனைலயும் செனட்லயுமே நிக்கறீங்க. கீழ எறங்கி வாங்க.

ரோம் நகரத்துல பாதி வேலை பண்ணது அடிமைங்களும் விடுதலையான அடிமைங்களும். அடிமைக்கு சட்டப்படி கல்யாணமே கெடையாது, சேந்து வாழலாம், ஆனா புள்ளைங்க முதலாளி சொத்து, பிரிச்சு வித்துடலாம். அகஸ்டஸ் இவங்களுக்கு என்ன பண்ணாருன்னா ஒரு கைல கதவ சாத்துனாரு, இன்னொரு கைல ஜன்னல தெறந்தாரு. கிமு 2ல வந்த சட்டத்துல, சாகும்போது உயில் மூலமா எத்தன பேர விடுதலை பண்ணலாம்னு அளவு வச்சாரு, எவ்ளோ அடிமை வச்சிருந்தாலும் 100 பேருக்கு மேல முடியாது. கிபி 4ல இன்னொண்ணு, அடிமைக்கு 30 வயசு ஆகியிருக்கணும், முதலாளிக்கு 20 வயசு. அதுக்குக் கீழ விடுதலையானவன் முழு குடிமகன் ஆக மாட்டான், பாதி உரிமைதான். ஆனா அதே சட்டத்துல ஒரு வழி: அவன் முறையா சாட்சி வச்சு கல்யாணம் பண்ணி ஒரு வயசு தாண்டுன குழந்தைய காட்டுனா, அவனும் பொண்டாட்டியும் குழந்தையும் முழு குடிமக்கள்.

இது வெறும் ஏட்டுச் சட்டம்னு நெனைக்காதீங்க. வெசுவியஸ் எரிமலை மூடுன ஹெர்குலேனியம் ஊர்ல மரப்பலகை ஆவணம் கெடச்சிருக்கு. லூசியஸ் வெனிடியஸ் எனிக்கஸ்னு ஒருத்தர், மனைவி லிவியா ஆக்டே. கிபி 60ல பொண்ணு பொறக்குது, பதிவு பண்றாரு. ஒரு வயசு ஆனதும் மனு குடுக்கறாரு, கிபி 62ல ரோம்லேர்ந்து ஆணை வருது, குடும்பமே ரோம் குடிமக்கள். அகஸ்டஸ் செத்து 48 வருஷம் கழிச்சு ஒரு பொம்பளப் புள்ள தன்னோட அப்பா அம்மாவ குடிமக்களா ஆக்கியிருக்கா. எனக்கு இந்த இழைல பேசுன அத்தன பளிங்கையும் விட அந்தப் பலகை பெருசு.

சிற்பத்துக்கும் வரேன். ரோம்லேர்ந்து வெளிய போற சாலை ஓரத்துல விடுதலையான அடிமைங்க தங்களுக்கு கல்லறை கட்டுனாங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற மாதிரி மார்பளவுச் சிற்பம், புருஷன் டோகால, பொண்டாட்டி தலைல முக்காடு, ரெண்டு பேரும் வலது கைய கோத்துகிட்டு, நடுவுல புள்ள, கழுத்துல உருண்டைத் தாயத்து. அந்தத் தாயத்து பிறப்பாலேயே சுதந்திரமான குழந்தைக்குத்தான். அப்பா அம்மா அடிமையா இருந்தவங்க, புள்ள கழுத்துல அது தொங்குது. குதிரைவாலி, நீங்க ஆரா பாசிஸ்ல பாத்த அதே அப்பா அம்மா குழந்தைதான். ஆனா இது மேலருந்து வந்ததுன்னு சொல்ல முடியாது, இந்த மாதிரி கல்லறைங்க அகஸ்டஸ் பதவிக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு. குடும்பமே வச்சுக்க உரிமை இல்லாதவன் உரிமை கெடச்ச அன்னைக்கு மொதல்ல செதுக்குனது தன் குடும்பத்த. அத யாரும் சட்டம் போட்டு செய்யச் சொல்லல.

செம்பருத்திவேலி

ஈயச்சொம்பு, அருமை. தெருமுனைப் பீடங்களையும் சேத்துக்கோங்க. கிமு 7ல நகரத்த 14 வட்டாரமா பிரிச்சு, ஒவ்வொரு தெருவுக்கும் நாலு பேர பொறுப்பாளரா வச்சாரு, அவங்கள்ல பெரும்பாலும் விடுதலையான அடிமைங்கதான். நாற்சந்தில இருந்த காவல் தெய்வங்களோட இவரோட பேரும் சேந்துச்சு. அந்தச் சின்னப் பீடங்கள்ல அவங்க தாங்களே பலி குடுக்கற மாதிரி செதுக்கி தங்க பேர வெட்டி வச்சிருக்காங்க. அரசாங்கப் பதவிக்கு நிக்க முடியாதவன் பேரு கல்லுல ஏறுனது அங்கதான்.

அமராவதிக்கரை

கரூர்க்காரன் ஒரு சின்ன விஷயம் சேக்கறேன். அகஸ்டஸோட சிற்பக் கொள்கை நம்ம ஊர் மண்ணுக்குள்ளயும் இருக்கு. கொங்குப் பகுதில கெடைக்கற ரோம் வெள்ளிக் காசுல அகஸ்டஸ், டைபீரியஸ் காசுதான் கொள்ளை கொள்ளையா இருக்கும், அதுல அகஸ்டஸுது அடிக்கடி ஒரே வகை: ஒரு பக்கம் அவரு தலை, மறுபக்கம் ரெண்டு பசங்க கேடயமும் ஈட்டியுமா நிக்கறாங்க. கையஸும் லூசியஸும், ஜூலியாவோட பிள்ளைங்க, தாத்தா தத்தெடுத்துக்கிட்டது. லூசியஸ் கிபி 2ல மார்சேல்ஸ்ல செத்தான், கையஸ் கிபி 4ல. இங்க மிளகு வித்துக் காசு வாங்குனவங்க கைல அந்த ரெண்டு பேரும் அதுக்கு அப்புறமும் ரொம்ப காலம் நின்னுட்டு இருந்தாங்க. அம்மா தீவுல, பசங்க காசுல.

திண்ணைவக்கீல்

பிரமாதம் அமராவதி. எதிர்ப்பு பக்கத்தையும் ஒண்ணு சொல்லிடறேன், இந்தக் கலை எல்லாருக்கும் பிடிச்சுடல. இப்ப சூடான்ல இருக்கற மெரோவேய தலைநகரா வச்சிருந்த குஷ் ராஜ்யத்துக்காரங்க, ரோம் கைல இருந்த எகிப்துல புகுந்து அகஸ்டஸோட வெண்கலச் சிலைய தூக்கிட்டு போய் தலைய வெட்டி ஒரு கோயில் படிக்கட்டுக்கு அடில பொதைச்சாங்க, உள்ள போறவன் எல்லாம் மிதிச்சுட்டு போகணும்னு. 1910ல தோண்டுனப்ப கெடச்சுது, கண்ணு கூட அப்படியே பதிச்ச மாதிரி இருக்கு, இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல.

குதிரைவாலி75

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாளா இதே நெனப்புதான். உங்க எல்லாரோட பதிவையும் படிச்சுட்டு நானும் தேடிப் பாத்தேன், ஒண்ணு கெடச்சுது. கிபி 9ல குதிரைவீரர் வகுப்பு ஆளுங்க (செனட்டர்களுக்கு அடுத்த பணக்கார வகுப்பு) பொதுக் காட்சில வச்சே இந்தச் சட்டத்த எடுன்னு கத்தியிருக்காங்க. அகஸ்டஸ் என்ன பண்ணாருன்னா ஜெர்மானிக்கஸோட குழந்தைங்கள வரவழைச்சு சில பேர தன் மடிலயும் சில பேர அவங்க அப்பா மடிலயும் உக்கார வச்சு, இந்தப் பையன மாதிரி இருங்கன்னு சைகைலயே காட்டியிருக்காரு. வரலாற்றாசிரியர் ஸூட்டோனியஸ் எழுதியிருக்காரு.

அந்த ஜெர்மானிக்கஸ்தாங்க சுவத்துல அம்மா கையப் பிடிச்சுட்டு நின்ன ரெண்டு வயசுக் குழந்தை! கல்லுல காட்டுனது போதலன்னு இருபது வருஷம் கழிச்சு அதே பையன உயிரோட கொண்டாந்து, அவன் குழந்தைங்களோட உக்கார வச்சு இன்னொரு சிற்பம் மாதிரி காட்டியிருக்காரு. கூட்டம் ஒத்துக்கல, சட்டத்த கொஞ்சம் தளர்த்தித்தான் ஆகணும்னு ஆச்சு, அதுதான் திண்ணை சொன்ன பாப்பியா பொப்பேயா. அப்போ என் கேள்விக்கு பதில், ஆமா ரெண்டும் ஒண்ணுதான், சட்டம் ஜெயிக்காத எடத்துல எல்லாம் அவரு குழந்தைய கொண்டு வந்து நிறுத்தியிருக்காரு. ஆனா ஈயச்சொம்பு சொன்ன அந்தக் கல்லறை ஜோடிய பாத்த பிறகு, அந்தச் சுவர் முன்னாடி நான் உருகுனது தப்புன்னு இனிமே நெனைக்க மாட்டேன். அந்த ஆசை ரோம் ஜனங்களோடது, இவரு அத எடுத்துக்கிட்டாரு.

நித்யகல்யாணி

குதிரைவாலி, இத நான் ஒத்துக்கறேன். ஒரே ஒரு ஆள மட்டும் சேத்துட்டு போறேன். ஜூலியாவோட அம்மா ஸ்க்ரிபோனியா. ஜூலியா பொறந்த அன்னைக்கே அவங்கள அகஸ்டஸ் விவாகரத்து பண்ணாரு, குழந்தை அப்பன் வீட்டோட போயிடுச்சு. கிமு 2ல பொண்ண தீவுக்கு அனுப்பினப்போ அந்தம்மா, அப்ப வயசானவங்க, யாரும் கட்டாயப்படுத்தாம தானா கெளம்பி பொண்ணு கூடப் போனாங்க. தீவுல அஞ்சு வருஷம், அப்புறம் இத்தாலி நிலப்பகுதில இருக்கற ரேஜியம் ஊருக்கு மாத்துனப்பவும் கூடவே. கிபி 14ல ஜூலியா சாகற வரைக்கும்.